எந்தப் பனையைப் பெருக்கப் போகிறோம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் அண்மையில் ஒருவர், "வாழைக்குத் திசு வளர்ப்பு வந்துவிட்டது, பேரீச்சைக்கும் வந்துவிட்டது, பனைக்கு மட்டும் ஏன் இல்லை? ஆய்வகத்தில் லட்சக்கணக்கில் கன்று தயாரித்து, ஐந்தே வருடத்தில் பலன் தரும் பனையை ஊர் ஊராக நடலாமே" என்று கேட்டிருந்தார். (திசு வளர்ப்பு என்றால் செடியின் சின்னத் துண்டைப் பாட்டிலில் வளர்த்துப் பல கன்றாக்குவது.) அவருடைய ஆதங்கம் எனக்குப் புரிகிறது. கேள்விதான் கொஞ்சம் நகர்ந்து நிற்கிறது என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன். கடிதம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த விஷயத்தில் எனக்கு இரண்டு பக்கமும் பழக்கம் உண்டு. அப்பா பனையேறி. சாத்தான்குளம் பக்கம், செம்மணல் தேரிக்காட்டை ஒட்டிய ஊர். தை பிறந்தால் பாளை சீவத் தொடங்குவார், ஆனி வரைக்கும் காலையும் மாலையும் மரத்தில்தான். அம்மா விடிலியில், அதாவது பனங்காட்டு ஓலைக் குடிசையில், பதநீர் காய்ச்சுவார். நான் தாவரவியல் படித்துவிட்டு, மேற்கு மாவட்டம் ஒன்றில் ஒரு தனியார் திசு வளர்ப்பு ஆய்வகத்தில் வாழைக்கன்று உற்பத்தியில் பல வருடம் வேலை பார்த்தேன். தலையில் பூ கூடாது, முகத்தில் பவுடர் கூடாது, சளி பிடித்தால் உள்ளே வரக்கூடாது. லேமினார் என்கிற, வடிகட்டிய சுத்தக் காற்று வீசும் மேசை முன்னால் உட்கார்ந்து, கத்தியும் இடுக்கியுமாகப் பாட்டில் பாட்டிலாகக் கன்று பிரிக்கிற வேலை. இப்போது ஊரோடு வந்துவிட்டேன். உறவுக்காரர்களிடம் கருப்பட்டி வாங்கி விற்கிறேன்.

வாழையில் இது ஏன் சுலபம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நல்ல தார் போட்ட மரத்தின் அடியில் ஈட்டி மாதிரி குறுகிய இலையோடு வரும் ஈட்டிக்கன்றைத் தோண்டி எடுத்து, மட்டையை ஒவ்வொன்றாக உரித்து, நடுவில் இருக்கும் குருத்து நுனியை மட்டும் கிருமி நீக்கி, ஊடகம் என்று சொல்கிற சத்துக்கூழில் வைப்போம். முராஷிகே, ஸ்கூக் என்ற இருவர் 1962-இல் புகையிலையை வைத்து வகுத்த எம்.எஸ். ஊடகம்தான் இன்றைக்கும் பெரும்பாலான ஆய்வகங்களுக்கு அடிப்படை: தாது உப்புகள், வைட்டமின், சர்க்கரை, கெட்டிப்பட அகார். அதையெல்லாம் ஆட்டோகிளேவ் என்ற பெரிய பிரஷர் குக்கர் மாதிரியான கருவியில் 121 டிகிரியில் அவித்து எடுக்க வேண்டும். அதோடு ஒரு ஹார்மோன் சேர்த்தால் குருத்து பக்கத்தில் கன்று விடும். அதைப் பிரித்து வைத்தால் அதுவும் கன்று விடும். யோசித்துப் பார்த்தால் வாழை தோட்டத்தில் செய்வதைத்தான் பாட்டிலிலும் செய்கிறது, கொஞ்சம் வேகமாக. பேரீச்சையும் அப்படியே. அதன் அடியிலும் பக்கக்கன்று வரும். அந்தக் கன்றின் குருத்தை எடுத்துத்தான் பார்ஹி போன்ற ரகங்களைப் பெருக்கி, குஜராத்தின் கட்ச் பகுதியிலும் ராஜஸ்தானிலும் நம் தருமபுரியிலும் நட்டிருக்கிறார்கள்.

பனை கன்று விடாது. ஒரே தண்டு, உச்சியில் ஒரே குருத்து. அந்தக் குருத்தை வெட்டி எடுத்தால் மரம் செத்தது. நன்றாகக் கறக்கிற மரம் என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதைப் பெருக்குவதற்காக அதையே கொன்று, பாட்டிலில் வைத்த துண்டும் பிடிக்காமல் போனால் என்ன செய்வது? தென்னைக்கும் இதே பிரச்சினைதான். தென்னையைப் பாட்டிலில் பெருக்க 1970-களிலிருந்து உலகம் முழுவதும் முயல்கிறார்கள். 2021-இல் பெல்ஜியத்தில் லூவன் பல்கலைக்கழகத்தார் தென்னங்குருத்தைக் கிளைக்கவைத்துக் காட்டினார்கள், பெரிய விஷயம்தான். ஆனால் அவர்கள் தொடங்கியது தேங்காய்க்குள் இருக்கும் முளைக்கருவிலிருந்து. அந்தக் கரு வளர்ந்து எப்படிப்பட்ட மரமாகும் என்று அதைப் பெருக்குகிற அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

பனையிலும் இந்த முளைக்கரு வழி உண்டு. பனங்கொட்டையை வெட்டி, கண்ணுக்குக் கீழே ஒளிந்திருக்கும் கருவை எடுத்து ஊடகத்தில் வைத்தால் அது முளைக்கும். எங்கள் ஆய்வகத்தில்கூட வாழை வேலை குறைந்த மாதங்களில் இதைச் செய்து பார்த்தோம். கொட்டையை வெட்டத்தான் பெரும் பாடு. ஊரில் அரிவாளால் ஒரே போடு போடுவார்கள், அங்கே ரம்பம் வைத்து அறுத்தோம். முளைத்ததும் எல்லாரும் வந்து வேடிக்கை பார்த்தார்கள். ஆனால் ஒரு கொட்டையிலிருந்து ஒரு செடி. இதற்கு ஏசி அறை எதற்கு? ஆவணியில் பழம் பொறுக்கி மண்ணில் புதைத்தால் பொங்கலுக்குக் கிழங்கே பிடுங்கிவிடலாம்.

வளர்ந்து, பதநீர் கொடுத்து, நல்ல மரம் என்று நிரூபித்துவிட்ட பனையை அதன் உயிர் போகாமல் பெருக்க வேண்டுமானால் எனக்குத் தெரிந்து ஒரே வாசல்தான்: இளம் பாளை. வெளியே வராத, மட்டையின் இடுக்கில் இருக்கிற பிஞ்சுப் பாளையில் பூவாகப் போகிற மொட்டுகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். அவற்றை நறுக்கி, ஹார்மோன் சேர்த்த ஊடகத்தில் வைத்து, "நீ பூ இல்லை, பழையபடி கருவாக மாறு" என்று அதன் மனதை மாற்ற வேண்டும். முதலில் கட்டிமாதிரி ஒரு திசு வரும். அதன்மேல் சின்னச் சின்ன முத்தாகக் கருக்கள் வரும். அந்தக் கரு முளைத்தால் அது தாய்மரத்தின் நகல். காசர்கோட்டில் இருக்கும் மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையத்தார் பாக்கு மரத்தில் இப்படிச் செய்து காட்டியிருக்கிறார்கள். மஞ்சள் இலை நோய் பரவிய தோப்புகளில் நோய் தொடாமல் நின்ற மரங்களைத் தேடிப் பிடித்து, அவற்றின் இளம் பாளையிலிருந்து கன்று எடுத்தார்கள். இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் மரத்தைத் தேடினார்கள், அப்புறம்தான் பாட்டில்.

பனைத் திசுவை வெட்டினால் என்ன ஆகும் என்பது நுங்கு சீவுகிறவர்களுக்கே தெரியும், வெட்டுவாய் பழுப்பேறிவிடும். பாட்டிலில் இது பெரிய தலைவலி. திசு விடுகிற சாறு ஊடகத்தைக் கறுப்பாக்கி, கடைசியில் அந்தத் திசுவையே கொன்றுவிடும். அதனால் பனைக் குடும்பத்து மரங்களுக்கு ஊடகத்தில் கரித்தூள் சேர்ப்பார்கள், அந்தச் சாற்றை உறிஞ்சிக்கொள்ள. கரி ஹார்மோனையும் சேர்த்து உறிஞ்சிவிடும், ஆகவே ஹார்மோனைக் கூட்ட வேண்டும். எவ்வளவு கூட்டுவது என்பது மரத்துக்கு மரம் மாறும். வாழையில் வாரக் கணக்கில் நடக்கிற வேலை இதில் மாதக் கணக்கு, சில சமயம் வருடக் கணக்கு. இடையில் ஒரு நாள் பூஞ்சை வந்து அலமாரியோடு போய்விடும். முடியாது என்று சொல்லவில்லை. மூன்று வருடத் திட்டம் போட்டு நாலாவது வருடம் கன்று எங்கே என்று கேட்கிற விஷயம் இல்லை என்று சொல்கிறேன்.

சரி, ஐந்தே வருடத்தில் பலன் என்று அந்த வாசகர் எழுதியிருந்தாரே. திசு வளர்ப்பு ஒரு மரத்தின் குணத்தைப் பிரதி எடுக்கும், அதன் வயதைக் குறைக்காது. பாளையிலிருந்து வந்தாலும் அந்தக் கன்று கரு நிலைக்குப் போய்த் திரும்பி வருவது. விதைப்பனை மாதிரியே அதுவும் குருத்தோலை விட்டு, வடலி என்கிற இளம்பனையாகி, பெரிய மரமாக வேண்டும். விதைப்பனை பாளை விடப் பன்னிரண்டு வருடமும் ஆகலாம், இருபதும் ஆகலாம். சீக்கிரம் பாளை விட்ட மரத்தைத் தாயாகப் பிடித்தால் பிள்ளையும் சீக்கிரம் விடும் என்று எதிர்பார்க்கலாம், அதுவும் அந்தக் குணம் பிறவியில் வந்ததாக இருந்தால்.

இந்தக் காத்திருப்பில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. மலேசியாவில் எண்ணெய்ப்பனையைத் திசு வளர்ப்பில் பெருக்கித் தோட்டம் தோட்டமாக நட்டார்கள். 1980-களில் அந்த மரங்கள் காய்க்கத் தொடங்கியபோது பலவற்றில் பழம் கோணிப்போய், எண்ணெய் குறைந்து, குலையே கருகி விழுந்தது. கன்றில் ஒரு குறையும் தெரியவில்லை, காய்த்தபோதுதான் தெரிந்தது. காரணம் என்ன என்று மலேசிய பாமாயில் வாரியத்து ஆய்வாளர்கள் உறுதியாகச் சொன்னது 2015-இல். டிஎன்ஏ எழுத்து மாறவில்லை. கர்மா என்று பெயரிட்ட ஒரு டிஎன்ஏ துண்டின்மேல் அதை அடக்கி வைக்க இருக்க வேண்டிய மெத்தில் என்ற வேதிப் பூச்சு பாட்டிலில் வளர்ந்தபோது போய்விட்டிருந்தது. எண்ணெய்ப்பனை மூன்று நாலு வருடத்தில் காய்த்துவிடும், அதனால் தப்பு சீக்கிரம் தெரிந்தது. நம் பனையில் இப்படி ஒன்று நடந்தால் நட்டவருடைய மகன்தான் கண்டுபிடிப்பான். ஆகவே முதல் தொகுதிக் கன்றுகளை ஆராய்ச்சிப் பண்ணையில் நட்டுப் பார்க்காமல் ஊர் ஊராகக் கொடுத்துவிடக் கூடாது. எல்லாக் குளக்கரையிலும் ஒரே மரத்தின் நகல் நிற்பதும் நல்லதல்ல. நூறு வருடத்துக்கு முன் கோதாவரிப் பக்கம் குருத்தழுகல் வந்து பனைகள் கூட்டம் கூட்டமாகச் செத்த கதை வேளாண்மைப் புத்தகங்களில் இருக்கிறது.

செலவையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். திசு வளர்ப்பு வாழைக்கன்று இருபது ரூபாய்க்குள் கிடைக்கும், பேரீச்சைக் கன்று சில ஆயிரம். பேரீச்சை விவசாயி அந்தப் பணத்தைப் பழத்தில் எடுத்துவிடுவார். வரப்பில் நிற்கிற பனைக்கு அப்படி யார் கொடுப்பார்? குளக்கரையை நிரப்பவும் மண்ணைப் பிடிக்கவும் விதை போதும், சும்மா கிடைக்கிறது. எண்ணிக்கைக்காகத் திசு வளர்ப்பு வேண்டவே வேண்டாம்.

அப்படியானால் எதற்கு வேண்டும்? சிறந்த மரத்தை அப்படியே திரும்பப் பெறுவதற்கு. பனையில் விதை போட்டால் ஆணா பெண்ணா என்பதே பாளை வரும்வரை தெரியாது. ஆணான அலகுப்பனையாகவும் இருக்கலாம், பெண்ணான பருவப்பனையாகவும் இருக்கலாம். நுங்குக்கென்று நட்டவருக்குப் பதினைந்து வருடம் கழித்து அலகு வந்து நிற்கும். (காசர்கோடு நிலையத்தார் 2007-இலேயே பனை ஆணா பெண்ணா என்று காட்டும் டிஎன்ஏ குறியைப் பற்றி கரண்ட் சயன்ஸ் இதழில் எழுதியிருக்கிறார்கள். நாற்றங்காலில் ஓலைத் துண்டை வைத்து ஆண், பெண் பிரித்துத் தருகிற அளவுக்கு அதைக் கொண்டுவந்தாலே விவசாயிக்குப் பெரிய உதவி.) பெண்மரம்தான் என்றாலும் தாயின் குணம் பிள்ளைக்கு வரும் என்று உத்தரவாதம் இல்லை, மகரந்தம் எந்த அலகுப்பனையிலிருந்து வந்ததோ. நகல் கன்றில் இந்தக் குழப்பமெல்லாம் இல்லை. குட்டையான, சீக்கிரம் பாளை விடுகிற, இனிப்பான பதநீர் தருகிற ஒரு மரம் இருந்தால் அதையே நூறாக்கலாம். ஏறுவதற்கு ஆள் இல்லாத இந்தக் காலத்தில் குட்டைப்பனை ஒன்று கிடைத்தால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இங்கேதான் என் கேள்வி. ஜெராக்ஸ் மெஷின் வாங்கப் போகிறோம், சரி. எந்தத் தாளை வைத்து எடுக்கப் போகிறோம்? தமிழ்நாட்டில் கோடிக்கணக்கில் பனை நிற்கிறது. அதில் எது சிறந்த மரம் என்று எந்தப் பதிவேட்டில் இருக்கிறது? கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியில் பனை ஆராய்ச்சி பல காலமாக நடக்கிறது, ஸ்ரீவில்லிபுத்தூர்-1 என்று ஒரு ரகமும் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்டிருக்கிறது. கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்தில் கைதடியில் பனைக்கென்றே ஒரு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் காட்டில், வரப்பில், தேரியில் நிற்கிற மரங்களின் கணக்கு பனையேறிகளின் தலையில்தான் இருக்கிறது.

என் சித்தப்பா இன்னும் ஏறுகிறார். ஊரில் மிச்சம் இருக்கிற சிலரில் ஒருவர். உங்கள் பத்திரிகையில் வந்த அந்தக் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டி, "நீங்கன்னா எந்த மரத்தை எடுப்பீங்க சித்தப்பா?" என்று கேட்டேன்.

"ஏட்டி, எதுக்குன்னு சொல்லு. பதினிக்கா, நுங்குக்கா, கெழங்குக்கா? ஒவ்வொண்ணுக்கு ஒவ்வொரு மரம்லா" என்றார்.

அப்புறம் சொல்லிக்கொண்டே போனார். கிணற்றடியில் நிற்கிற பனை கலயம் நிறையக் கொடுக்கும், ஆனால் தண்ணி. சித்தியைக் கேட்டால் தெரியும், அந்த மரத்துப் பதநீர் பதம் வருவதற்குள் கூட ஒரு கட்டு விறகு போய்விடும். கோயிலுக்கு மேற்கே ஒரு பனை இருக்கிறதாம். அளவு குறைவு, ஆனால் சர்க்கரைத் தண்ணி மாதிரி இருக்கும். மற்ற மரங்களில் பாளை சுருங்கிய பிறகும் அது இன்னும் சில வாரம் ஊறும். இன்னொன்று ராத்திரி நன்றாக ஊறும், பகலில் ஒன்றும் இராது. ஒரு மரத்தில் பாளை நீளம், ஆனால் கடிப்பு என்கிற மரக் கிட்டி போட்டு நசுக்கினால் வெடித்துவிடும், பொறுமையாகப் பதப்படுத்த வேண்டும். ஒன்றில் மட்டையில் கருக்கு குறைவு, ஏறி உட்கார வசதி. வடக்குத் தெருக்காரர் வரப்பில் நின்ற ஒன்று ஆளுயரம் இருக்கும்போதே பாளை விட்டதாம்.

ஆளுயரப் பனையா! எனக்கு ஆய்வகத்துப் புத்தி வந்துவிட்டது. அது எங்கே இருக்கிறது, போய்ப் பார்க்கலாம் என்றேன். "அது சூளைக்குப் போயி எவ்வளவோ காலமாச்சு" என்றார். நிலம் கை மாறியபோது வாங்கினவர் வரப்பைச் சுத்தம் செய்தார். மரம் செங்கல் சூளைக்குப் போயிற்று. அதன் விதையாவது எங்கேயாவது முளைத்திருக்கிறதா என்று கேட்டேன். யார் பார்த்தது?

சித்தப்பா சொன்னதையெல்லாம் அப்படியே எடுத்துக்கொண்டு போய் நகல் எடுக்கவும் முடியாது. ஒரு மரம் நிறையக் கறப்பதற்கு அதன் பிறவிக்குணம் காரணமாக இருக்கலாம், பக்கத்தில் கிணறு இருப்பதும் காரணமாக இருக்கலாம், சீவுகிறவரின் கையும் காரணமாக இருக்கலாம். கிணற்றடிப் பனையை நகல் எடுத்துத் தேரியில் நட்டால் கிணறு கூடவே வராது. அதனால் ஒரே காட்டில், ஒரே பனையேறி சீவுகிற மரங்களைத்தான் ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். கலயத்தில் எத்தனை லிட்டர் என்று அளந்து, கைக்கு அடக்கமான பிரிக்ஸ் மீட்டரில் ஒரு சொட்டு விட்டு இனிப்பைப் பார்த்து, மூன்று பருவமாவது எழுதி வைத்தால்தான் எந்த மரம் தன் குணத்தால் கொடுக்கிறது என்று சொல்ல முடியும். இதற்குப் பெரிய ஆய்வகம் வேண்டாம். ஒரு நோட்டு, மரத்தில் எண் எழுத ஒரு டப்பா பெயின்ட், அந்த மீட்டர், பனையேறியோடு காலையில் காட்டுக்குப் போக ஒரு ஆள். வேளாண் கல்லூரிப் பிள்ளைகள் கிராமத்தில் வந்து தங்குகிற பயிற்சி ஏற்கெனவே இருக்கிறது, அதில் இதைச் சேர்த்துவிடலாம்.

2021 ஆகஸ்டில் வந்த தமிழக அரசின் முதல் வேளாண் பட்ஜெட்டில் 76 லட்சம் பனை விதையும் ஒரு லட்சம் கன்றும் கொடுப்போம் என்றார்கள். பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்றும் சொன்னார்கள். இரண்டும் நல்ல அறிவிப்புகள். விதை போடுகிற வேலை எங்கள் ஊர்க் குளக்கரையிலும் நடந்தது, நானும் கூடப் போய்ப் போட்டேன். மூட்டையில் இருந்த கொட்டை எந்த மரத்தினுடையது என்று கேட்டேன். "கீழே கிடந்ததைப் பொறுக்கினதும்மா" என்றார் கொண்டுவந்தவர். அவர்மேல் தப்பில்லை, அவரிடம் எண்ணிக்கைதான் கேட்டிருந்தார்கள். பழம் அதிகம் கொட்டிக் கிடப்பது யாரும் நுங்கு வெட்டாத, யாரும் ஏறாத மரத்தடியில். நல்ல மரத்தில் பாளையைச் சீவிவிடுகிறோம், நுங்காக இறக்கிவிடுகிறோம். அதில் பழம் ஏது? ஆக நாம் விதைத்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் பனையேறிகள் கழித்துவிட்ட மரங்களின் பிள்ளைகளைத்தான். (அடுத்த வருடம் குளம் தூர்வார ஜேசிபி வந்து அந்தக் கரை மேலேயே மண்ணைக் கொட்டியது தனிக் கதை.) தாய்மரப் பதிவேடு ஒன்று இருந்தால் அதில் உள்ள பெண்மரங்களில் ஒன்றிரண்டு குலையை மட்டும் பழுக்க விட்டு, அந்தக் கொட்டையைக் கரைக்குக் கொடுக்கலாம். திசு வளர்ப்பு கைகூட எத்தனை வருடம் ஆனாலும் ஆகட்டும், அதுவரைக்கும் போடுகிற விதையாவது தாய் தெரிந்த விதையாக இருக்கும்.

ஆகவே நான் கேட்பது இதுதான். பனைக்குத் திசு வளர்ப்பு ஆராய்ச்சி நடக்கட்டும். பணம் கொஞ்சமாக இருந்தாலும் வருடங்கள் நிறைய இருக்கட்டும். ஆனால் முதல் ரூபாய் ஆய்வகத்துக்குப் போக வேண்டாம், தாய்மரப் பதிவேட்டுக்குப் போகட்டும். வருகிற தையிலேயே தொடங்கலாம். தூத்துக்குடி, ராமநாதபுரம் மாவட்டங்களில் இன்னும் ஏறுகிறவர்களைத் தேடி, ஒவ்வொருவரிடமும் உங்கள் காட்டில் நல்ல மரம் எது, எதற்கு நல்லது என்று கேட்டு எழுதட்டும். கேட்கும்போது காய்ச்சுகிற பெண்களையும் கேட்கட்டும். எந்தக் கலயத்தில் சர்க்கரை இருக்கிறது என்று ஏறுகிறவரைவிட அவர்களுக்குத்தான் தெரியும். பதிவான மரத்தின் சொந்தக்காரருக்கு வருடத்துக்கு ஏதாவது ஒரு தொகை கொடுத்தால் அவர் அதைச் சூளைக்கு விற்க மாட்டார். அனுமதி வேண்டும் என்ற உத்தரவைவிட அது நன்றாக வேலை செய்யும் என்பது என் அபிப்பிராயம். ஏறுகிறவர்களில் பலர் வயதானவர்கள் என்பதைத் துறையில் இருப்பவர்கள் நேரில் வந்தாலே பார்த்துக்கொள்ளலாம். அவர்கள் இறங்கிவிட்டால் எந்தக் கருவியை வைத்தும் இந்தத் தகவலை எடுக்க முடியாது.

ஒருநாள் அந்தப் பதிவேட்டிலிருந்து மரம் தேர்வாகி, ஆய்வகத்துக்கு இளம் பாளை தேவைப்படும். அதை வெட்டி எடுக்கப் பனையேறிதான் ஏற வேண்டும். எந்த மட்டை இடுக்கில் அடுத்த பாளை இருக்கிறது, எந்த அளவில் இருக்கும் என்று கீழே நின்று யாராலும் சொல்ல முடியாது. அப்படி எடுக்கிற ஒவ்வொரு பாளையும் அவருக்கு அந்தப் பருவத்தில் வாரக்கணக்கில் வந்திருக்க வேண்டிய பதநீர். அதற்கு உரிய விலையைக் கணக்குப் பார்த்து, கருப்பட்டி விலையில் கணக்குப் பார்த்து, மரத்தடியிலேயே கையில் கொடுத்துவிடுங்கள். அலுவலகத்துக்கு வந்து ரசீது போட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொன்னால் அவருக்கு ஒரு வேளைச் சீவல் போய்விடும். அடுத்த தடவை பாளை கேட்டால் ஏற மாட்டார்.

இப்படிக்கு,
பனையேறி மகள் ஒருத்தி,
சாத்தான்குளம் வட்டம், தூத்துக்குடி மாவட்டம்.